இருபத்தேழு கட்டைகளும் ஒரு புட்டும்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். மீன்காரர் நிறுத்துத் தந்த மீனை வீட்டில் திரும்ப நிறுப்பேன். கோயிலில் யாராவது சிரித்தால் குனிந்து என் சேலையைப் பார்ப்பேன். (அந்தச் சிரிப்பு வேறு யாருக்கோ என்று இதுவரை ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.)

மகள் சுபா ஒன்பதாம் தரம் படித்த வருடம், என் தையல் மெசின்மேல் கிடந்த அளவு நாடா காணாமல் போனது. மூன்றாம் நாள் நுனியில் சேறோடு திரும்பி வந்தது. அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா, வாவிக்கரைக்குப் போனா எந்த இடத்தில இரிப்பீங்க?"

"ஆரு கேக்கச் சொன்ன?"

"சும்மா."

சும்மா என்று ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. "நான் அங்க போறதே இல்ல" என்றேன். (தினமும் போகிறேன்.) அவள் கையைக் கழுவிவிட்டு அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் வாவிக்கரையில் ஒரு வெறுங்காணி. தோணி இழுத்து வைப்பது, வலை காயப்போடுவது, பெண்கள் மீன் தெரிந்து பிரிப்பது எல்லாம் அங்கேதான். காணிக்கு உறுதிப் பத்திரம் ஒருவரிடமும் இல்லை. பாசிக்குடாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்வருகிறவர்கள், ஹோட்டல்கள் கரையை வளைத்த கதை சொல்லும்போதெல்லாம், எனக்கு இந்தக் காணிதான் கண்ணுக்குள் வரும். அது போனால் தண்ணீருக்கு இறங்க எங்களுக்கு வேறு வழியில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால், காணி முழுக்கக் கட்டை அடித்திருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயின்ற். எங்கள் பக்கத்தில் சிவப்புக் கட்டை வந்தால் பின்னாலேயே வேலி வரும். பக்கத்து வீட்டுப் பாக்கியமக்காவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"என்ன கா இது?"

"காணியப் புடிக்கிறானுகள் கா. புடுங்குங்க!"

வீட்டுக்காரர், கல்யாணமாகிக் கரடியனாற்றிலிருந்து என் வீட்டுக்கு வந்த நாள்முதல் அவசரப்படாத மனிதர். "புடுங்க முதல் ஆர்ட கட்டை எண்டு கேளன்" என்றார். அவரையும் ஒருமாதிரிப் பார்த்தேன்.

பிடுங்கியது மொத்தம் இருபத்தேழு. திரும்ப அடித்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துப் புட்டு அவித்தேன். நல்ல காய்ந்த விறகு. புட்டு பூப்போல வந்தது. (சுபா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.)

மறுநாள் காலை, கட்டை அடித்தவர்கள் எப்படியும் வருவார்கள் என்று, ஊர்ப் பெண்களை விளக்குமாறுகளோடு கூட்டிக்கொண்டு போய் நின்றேன். ஓர் ஓட்டோ வந்தது. பிரதேச செயலகத்து மிஸ் ஒருவர் இறங்கினார். பின்னால் சித்திரம் படிப்பிக்கிற சேர். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் ஒன்பதாம் தரம் முழுவதும் வந்தது. முன்வரிசையில் என் மகள்.

"சேர், கட்டை ஒண்டையும் காணல்ல!" என்று அழத் தொடங்கினாள்.

சேர்தான் விளங்கப்படுத்தினார். காணியை ஊருக்குப் பொதுவான இடமாக்கப் போகிறார்களாம். அது எப்படி இருக்க வேண்டுமென்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு கிழமையாக ஆட்களைப் பார்த்து, கேட்டு, அளந்து, தோணிக்கு வழி, வலைக்கு வெயில், மீன் தெரிய நிழல் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டை அடித்திருக்கிறார்கள். காரணம் சொன்னால் ஆட்கள் நல்லபிள்ளையாகக் காட்டிக்கொள்ளப் பதில் சொல்வார்கள் என்று மறைக்கச் சொன்னவரும் அவர்தான். மிஸ் இன்றைக்குப் பார்த்து ஓம் என்றால்தான் பொதுக்காணி என்று எழுதுகிற வேலை தொடங்கும். இல்லாவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

யாரும் பறிக்க வராத காணியை நானே அடுப்புக்குள் வைத்திருக்கிறேன். விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அப்ப கட்டையள் எங்க?" என்று மிஸ் கேட்டார். பாக்கியமக்கா என்னைப் பார்த்தார்.

"புட்டு அவிச்சிட்டன், மிஸ்" என்றேன்.

சுபா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தத் தாய்க்கும் சொல்ல மாட்டேன். பிறகு மூக்கைத் துடைத்தாள். கொப்பியை விரித்தாள்.

"மாமி, நீங்க இதில நில்லுங்க. நீங்க மரம். பாக்கியம் பெரியம்மா, நீங்க ஆக்கள் இரிக்கிற வாங்கு. இஞ்சால நிக்கிற ஆக்கள் தோணிப் பாதை."

விளக்குமாறோடு சண்டைக்கு வந்த பெண்களெல்லாம் கட்டைகளாக நின்றார்கள். மிச்சத்துக்குப் பிள்ளைகள் நின்றார்கள். நான் மட்டும் நடுவில் தனியே நின்றேன்.

"நான் எங்க மகள்?"

கொப்பியைப் புரட்டினாள். "நீங்கதான் இஞ்ச வாறதே இல்லயே." கடைசிப் பக்கத்துக்குப் போனாள். "ஒரு குப்பைத்தொட்டி மிச்சமிரிக்கி."

நின்றேன். மிஸ் எங்களுக்கூடாகத் தோணிப் பாதையில் தண்ணீர்வரை நடந்தார். திரும்பி வரும்போது, "இந்தக் குப்பைத்தொட்டி வழிய மறைக்கிது. கொஞ்சம் அங்கால தள்ளுங்க" என்றார். பிள்ளைகள் தள்ளினார்கள். காற்றுப் பக்கம் என்று இன்னொருமுறை தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஓம் என்றார்.

காணி இன்றைக்கும் எங்களுடையதுதான். பாக்கியமக்கா நின்ற இடத்தில் சீமெந்து வாங்கு. அதில் அவரே இருந்து மீன் தெரிகிறார். நான் நின்ற இடத்தில் பச்சைப் பீப்பா ஒன்று இருக்கிறது. சுபா கொழும்பில் கட்டடம் வரைகிறாள். வீட்டில் யார் வாழைப்பழம் தின்றாலும் தோலை என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.

போன கிழமை சுபாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. பழத்தைத் தின்று முடித்துத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.