அரைமில்லி அண்ணையும் ஐந்து மஞ்சள் விளக்குகளும்

கடவுளின் வேலையிலேயே பிழை பிடிக்கக்கூடிய ஒரு மனிதர் திருகோணமலையில் உண்டென்றால், அது அரைமில்லி அண்ணைதான். கோணேசர் மலை இடப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதாக அவர் என்னிடம் முறைப்பட்டிருக்கிறார்.

உட்துறைமுக வீதியில் வாகனங்களுக்கு வயர் வேலை செய்கிற கடை அவருடையது. சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் எதைக் காட்டி "சரியா?" என்று கேட்டாலும், ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அரை மில்லி விலகி நிக்குது" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

நான் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவன். புதிதாக வாங்கிய பிக்கப்பில் கதிரைகளை அடுக்கினால் சுமை கூரைக்கு மேலே எழும்பி நிற்கும். விடியற்காலையில் கந்தளாய் வீதியில் எதிரே வருகிற லொறிக்காரருக்கு என் உயரம் தெரிவதில்லை. அதனால் கூரையின் முன்விளிம்பில் ஐந்து மஞ்சள் விளக்குகள் பூட்டுவதற்காக அண்ணையிடம் போனேன். ஒரு மணித்தியால வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் பிடித்தது.

முதல் நாள் முழுக்க அளவுதான். கூரையின் நடுவைக் கண்டுபிடிக்க நூல் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பழுப்புத் தாளில் அச்சு வெட்டி, துளைகளுக்குப் புள்ளி வைத்தார். நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப்போலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து அந்தத் தாளைத் தின்றுவிட்டது. நான் மானைத் துரத்தப் போக, அண்ணை தடுத்தார்.

"விடுங்கோ தம்பி. அதில நடுப்புள்ளி எனக்கும் திருப்தியில்லை."

இரண்டாம் நாள் துளை. புதுக் கூரையில் அவர் டிரில்லை வைத்தபோது நான் வீதியின் மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துளைகளின் விளிம்பில் துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்ற் பூசி, ரப்பர் வைத்து, வயரைக் கண்ணாடியோரத் தூணுக்குள்ளால் இறக்கி, தனியாக ஒரு பியூசும் போட்டார். மூன்றாம் நாள் என்னை உள்ளே இருத்தி, தலைக்கு மேல் பத்திரிகையை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கூரையில் நாற்பது வாளி தண்ணீர் ஊற்றினார். பத்திரிகை நனையவில்லை. கண்ணாடிகள் மூடியிருந்ததால் வியர்வையில் நான்தான் நனைந்துபோனேன்.

அடுத்த கிழமை நிலாவெளிக் கோவிலில் என் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய கூறைச்சேலைத் தட்டு பிக்கப்பின் முன் ஆசனத்தில் இருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் ஐயரோடு கதைத்துவிட்டுத் திரும்பினால், கூரையில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். அரைமில்லி அண்ணை. காலையில் நாங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது மூன்றாவது விளக்கு விலகித் தெரிந்ததாம். கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

"அண்ணை, கதவைத் திறக்கவேணும். கூறை உள்ள இருக்கு."

"கூரையிலதான் நானும் படுத்திருக்கிறன். கதவைத் தொடாதேங்கோ, நூல் அசையும்."

முகூர்த்தம் முடிய இருபது நிமிடம் இருந்தது. ஐயர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டார் கூறையைத் தர மறுக்கிறார்கள் என்று அதற்குள் ஒரு கதை பரவி, பெண்ணின் தகப்பனார் கறுத்த முகத்தோடு வெளியே வந்தார். கடைசியில் அம்மா வந்து, பிள்ளை மணவறையில் காத்திருக்கிறான், இறங்கி வாருங்கள் என்று கெஞ்சினார்.

அண்ணை தலையை நிமிர்த்தினார். அழப்போகிற முகம். "ஏலாது அம்மா. என்ர வேலை பிழையெண்டால், இத்தனை சனம் பாக்கிற இடத்தில அதை அப்பிடியே விட்டிட்டுப் போக ஏலாது."

அம்மா பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு, "சரி, நூலை இஞ்சால தாங்கோ. கெதியா அளப்பம்" என்றார். ஒரு முனையை அம்மா பிடித்தார். மறுமுனையைப் பெண்ணின் தகப்பனாரிடம் நீட்ட, அந்த மனிதரும் ஏன் எதற்கென்று கேட்காமல் பிடித்தார். இரு சம்பந்திகளும் வண்டியின் இரு பக்கமும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

அண்ணை ஒருமுறை அளந்தார். இன்னொருமுறை அளந்தார். முகம் மலர்ந்தது.

"விளக்கு சரி. கூரையைச் செய்தவன்தான் அரை மில்லி விட்டிட்டான்."

முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருக்கக் கூறை மணவறைக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணை முதற்பந்தியில் இருந்து சாப்பிட்டபடி, கார்த் தொழிற்சாலை விட்ட பிழையைப் பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார்.

போன வருடம் ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது, பெரிய கராஜ் ஒன்றில் பிக்கப்பைக் காட்டினேன். அங்கிருந்த தலைமை மெக்கானிக் கூரை விளக்குகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வேலையாட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எந்தக் கொம்பனி பூட்டியது என்று கேட்டார். கொம்பனி இல்லை, எங்கள் திருகோணமலை ஆள் என்றேன். சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது. வேலை முடிந்த பிறகும் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன், வேறு யாராவது கேட்கக்கூடும் என்று.

ஊருக்கு வந்ததும் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து நெடுநேரம் துடைத்தார். நான் புறப்படுகிற நேரத்தில்தான் கேட்டார்.

"ஆக்களைக் கூப்பிட்டே காட்டினவர்?"

"ஓம் அண்ணை."

இப்போது பிக்கப்பில் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை அவர் கடை வாசலில் நிறுத்தி, எங்கேயோ ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்கிறேன். அப்படி ஒரு சத்தமே இல்லையென்று தெரிந்தும், அவர் அரை நாள் இருந்து தேடுகிறார்.