பூஜ்யத்தைக் கெடுத்தவன்

திங்கட்கிழமை காலையில் தர அதிகாரி கணினியைத் திறந்தபோது, கறுப்புத் திரையின் கடைசி வரியில் 'தவறுகள்: 3' என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூன்றேதான். ஒரு வருஷமாகப் பூஜ்யத்தைத் தவிர வேறொன்றும் காணாத வரி அது.

அந்தப் பூஜ்யம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவர் சேர்ந்தபோது, புரோகிராம் எழுதுகிறவர்கள் மனம்போன போக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுவினார். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் போதும். எல்லோரும் எழுதிச் சேர்க்கும் பொது ஃபோல்டருக்குள்ளேயே அது உட்கார்ந்துகொண்டு, இது அளவுக்கு மீறி நீளம், இதையே அங்கேயும் எழுதியிருக்கிறது, இதற்குப் பெயர் வைத்ததோடு சரி, யாரும் கூப்பிடவே இல்லை என்று மாமியார் கண்ணோடு பார்த்துச் சொல்லிவிடும்.

தினமும் காலையில் அவர் கட்டளையைத் தட்டுவார். வரும் அறிக்கையை அப்படியே எல்லோருக்கும் அனுப்புவார். கூடவே தன் கைப்பட ஒரு கண்டனமும் எழுதுவார். ஆரம்பத்தில் எண் நூறுகளில் இருந்தது. கண்டனங்கள் நீண்டுகொண்டே போயின. ஒரு திங்கட்கிழமை எண் தடாலென்று பூஜ்யத்துக்கு வந்தது. வந்தது அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முதலாளி உருகிப்போய் ஆண்டு விழாவில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்.

அறிக்கையை அவர் படிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி வரி எண்ணைப் பார்ப்பதோடு சரி. குற்றப்பத்திரிகையைக் குற்றவாளிதான் படிக்க வேண்டும், நீதிபதி எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது என்பது அவருடைய கட்சி.

இப்போது மூன்று. அவருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. முந்தின வெள்ளிக்கிழமைதான், தினமும் கட்டளையைக் கையால் தட்டுவானேன் என்று, காலையில் அதுவே ஓடும்படி குட்டியாக ஒரு புரோகிராம் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். காவல்காரன் கண் அசந்தான் என்று தெரிந்ததும் திருடர்களுக்குத் துளிர் விட்டுவிட்டது. வேறென்ன?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தலைவனாக இருந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அவனைக் கூப்பிட்டார்.

"பொது ஃபோல்டர்ல யாரு கை வச்சது?"

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "நம்ம ஆளுங்க யாரும் அதுல ஒரு வரி கூட எழுதல சார்."

"எழுதாமயா மூணு தப்பு வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. அந்த ஃபோல்டரைப் பத்தி உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னே ரொம்ப நாளா..."

"காரணம் கேக்கலப்பா. பூஜ்யம் கேக்கறேன்."

மச்சினன் திரும்பிப் போய்விட்டான். என்ன நெஞ்சழுத்தம் என்று தர அதிகாரிக்கு ஆறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கிறார். சோறே ஆக்கவில்லை என்று சொல்கிறவனை இப்போதுதான் பார்க்கிறார்.

காலையில் ஒரு தடவை சோதிப்பதால்தானே மிச்ச நேரமெல்லாம் விளையாடுகிறார்கள்? உட்கார்ந்த சூட்டில், கட்டளை மணிக்கு ஒரு தடவை தானே ஓடும்படி இன்னொரு புரோகிராம் எழுதினார். முதல் புரோகிராமை வெட்டி இதில் ஒட்டி, அங்கங்கே கொஞ்சம் திருத்தி, திரும்பிப் பார்க்காமல் ஓட விட்டார். ஆத்திரத்தில் இருக்கிறவன் அழகு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்த மணி அடித்தபோது எண் பதினொன்று.

அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய பல் மருத்துவமனை, இவர்களுடைய மென்பொருளை வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஓர் அம்மாளை வெள்ளிக்கிழமை அனுப்புகிறதாம். ஒரு வருஷமாக எங்களிடம் ஒரு தவறு கூடக் கிடையாது என்று முதலாளி ஏற்கெனவே மார்தட்டிவிட்டாராம்.

"அந்தம்மா முன்னாடி பூஜ்யம் வந்தா தரத்துறைக்கு நீங்கதான் டைரக்டர்," என்றார் முதலாளி. "வரலைன்னா அப்படி ஒரு துறையே நமக்கு எதுக்கு சார்? உங்க மச்சினன் டீம்ல ஒரு நாற்காலி போட்டுக்கலாம்."

மச்சினனுக்குக் கீழே. அவர் கல்யாணத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேடைப் படியில் நின்றவன். லீவு வேண்டுமென்றால் இனி அவனிடம் போய்க் கேட்க வேண்டும். தர அதிகாரி தன் அறைக்கு வந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. உன் தம்பி என் குடியைக் கெடுக்கப் பார்க்கிறான், நான் இளைத்தால் அவன் தலையெடுக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு, உங்கள் குடும்பத்திலேயே சிரித்துக்கொண்டு கழுத்தறுக்கிற குணம் உண்டு என்று ஆரம்பித்தார். மனைவி, அலுவலகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வரச் சொன்னாள்.

"என்ன தப்பு பண்ணினாங்கன்னாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"அது ரிப்போர்ட்ல இருக்கும்."

"அதைப் படிச்சீங்களா?"

"நான் ஏன் படிக்கணும்? தப்பு பண்ணினவன் படிக்கட்டும்."

அவள் எழுந்தாள். அவருடைய தட்டில் இருந்ததையும் எடுத்து மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் இன்னொரு புரோகிராம் எழுதினார். மணிக்கு ஒரு தடவை சோதனை ஓடியதும், ஒவ்வொருவருக்கும் ஒரு கண்டனக் கடிதம் தானாகவே போகும். முதல் கடிதத்தில் மரியாதை இருந்தது. மூன்றாவதில் 'இது நியாயமா?' என்று இருந்தது. ஐந்தாவதில், படித்த படிப்பையும் பெற்றவர்களையும் இழுத்திருந்தார். ஒருவரும் பதில் போடவில்லை. அவருடைய கடிதங்கள் வந்த வேகத்திலேயே குப்பைக்குப் போகும்படி எல்லோருமே போன வருஷம் ஏற்பாடு செய்துவிட்டிருந்தது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் எண் முப்பத்தெட்டு.

திமிர்தானே இது? எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் அது காதையாவது ஆட்டும்.

புதன்கிழமை பொறி வைத்தார். ஃபோல்டருக்குள் யார் எழுதினாலும் எழுதினவன் பெயரைப் பிடித்துக் கொடுக்கும் புரோகிராம். மத்தியானம் வரை காத்திருந்து திறந்து பார்த்தால், தர அதிகாரியின் பெயரே வரிசையாக விழுந்திருந்தது. காவல் காக்கிறவன் காலடி விழத்தானே செய்யும்? தன் பெயரை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் காட்டும்படி அதற்கு மேல் ஒரு புரோகிராம் எழுதினார். மிச்சம் ஒன்றுமே இல்லை. எண் மட்டும் எழுபதைத் தாண்டியிருந்தது.

பெயர் தெரியாமல் நுழையக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு மூளையையும் வேலையில் காட்டியிருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்குமே என்று அவர் மனம் கொதித்தது. முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் ஆட்கள் எதுவுமே எழுதவில்லை என்று மச்சினன் சாதிக்கிறான். எழுதாமல் சம்பளம் வாங்குவது ஒரு குற்றம், எழுதாமலே எழுபது தவறு செய்வது அதைவிடப் பெரிய குற்றம் என்று அதில் குறிப்பிட்டிருந்தார். முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை, மானம் போனாலாவது புத்தி வருமா என்று பார்த்தார். கூரையில் இருந்த ஒலிபெருக்கியைக் கணினியோடு இணைத்து, சோதனையில் தவறு வந்தால், தவறுக்கு ஒரு தடவை வீதம், 'வெட்கம்' என்று அது சொல்லும்படி செய்தார். அதற்கும் ஒரு புரோகிராம். அதுதான் எல்லாவற்றிலும் நீளம். மணி அடித்ததும் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. வெட்கம், வெட்கம் என்று அது ஓய்வதற்குள் கணக்குப் பிரிவு அம்மாள் தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். போனில் பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். புரோகிராம் எழுதுகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தார்கள். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் தர அதிகாரிக்கு வயிறு எரிந்தது. எண் நூற்றிருபதுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் மச்சினன் அவருடைய அறை வாசலில் வந்து நின்றான். சார் என்று கூப்பிடவில்லை.

"மாமா, அந்தக் கருவியை நாளைக்கு ஒரு நாள் ஓட விடாதீங்க. நான் சொன்னா கேளுங்க."

"பயமா இருக்கா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

இதைவிட வாக்குமூலம் வேண்டுமா? தர அதிகாரிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் பசி எடுத்தது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார். நரைத்த தலை, தட்டைச் செருப்பு, தோளில் மடிக்கணினிப் பை. காலை முழுவதும் மச்சினனுடைய ஆட்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதியதை வரி வரியாகப் பார்த்துவிட்டு, மத்தியானம் கூட்ட அறைக்கு வந்தார். முதலாளியும் மச்சினனும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். தர அதிகாரி எதிர்ப்பக்கம், சுவரில் விழும் கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் நின்றார். பூஜ்யம் இனி வராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டால் தன் நாற்காலி தப்பும் என்று முடிவு கட்டியிருந்தார்.

எல்லோர் முன்னாலும் கட்டளையைத் தட்டினார். வரிகள் மளமளவென்று ஓடி நின்றன. நூற்றி நாற்பத்தாறு. கூரையில் ஒலிபெருக்கி 'வெட்கம்' என்று ஆரம்பித்தது. முதலாளி எழுந்து நாற்காலி மேல் ஏறி அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

தர அதிகாரி பேச ஆரம்பித்தார். ஒரு வருஷம் இதைப் பெற்ற பிள்ளையைப் போலக் காத்தேன், ஒரே வாரத்தில் நாசம் செய்துவிட்டார்கள், கேட்டால் நாங்கள் எழுதவே இல்லை என்கிறார்கள், உறவு என்று பார்த்து இத்தனை நாள் பொறுத்தேன், இனிப் பொறுப்பதற்கில்லை என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பல்ல, உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

"ரிப்போர்ட் முழுசா இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இருக்கு. நல்லாப் படிங்க. ஒருத்தராவது படிக்கட்டும்."

அம்மாள் அதைத் தன் மடிக்கணினியில் வாங்கிப் படித்தார். கருவி வந்த நாளிலிருந்து அந்த அறிக்கையை ஒருவர் முதல் வரியிலிருந்து படிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். விரலால் திரையைத் தள்ளித் தள்ளி நிதானமாகப் போனார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான்.

"இது எல்லாமே ஒரே ஆள் எழுதினது," என்றார் அம்மாள்.

தர அதிகாரி மேசையில் ஓங்கித் தட்டினார். "நான் சொல்லல? அந்த ஆளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும். யாரா இருந்தாலும் சரி, யாருக்கு உறவா இருந்தாலும் சரி."

முதலாளி, அப்படியே செய்துவிடலாம் என்று தலையாட்டினார்.

"மாமா, போதும், விட்டுடுங்க," என்றான் மச்சினன் மெதுவாக.

"நீ பேசாதே. மேடம், பேரைச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அந்த அம்மாள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், மத்தவங்க எல்லாரும் உங்க லெட்டருக்குப் பயந்து, எழுதினதையெல்லாம் எடுத்துக்கிட்டு வேற ஃபோல்டருக்கு மாறிப்போய் ஒரு வருஷம் ஆகுது, அங்க எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு, இந்த ஃபோல்டர்ல புதுசா இருக்கறது, தப்பு பண்றவங்களைப் பிடிக்கறதுக்கு நீங்க எழுதின புரோகிராம் மட்டும்தான்."