நீலமாகக் கூடாத கொடி

மேகவர்ண நாட்டுக்கு மேகம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்நாட்டுக் கோட்டைக் கொடி கோபால்ட் உப்பில் தோய்த்தது. ஈரமிருந்தால் ரோஜா நிறம் காட்டும், வறண்டால் நீலம். ஏழு நாள் தொடர்ந்து நீலமாக நின்றால் அரண்மனை ஏரியின் மதகை மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்த ஏரியில்தான் அரசர் படகு விடுவார்.

ஏரிக்காற்றின் ஈரத்தில் இதுவரை ரோஜா நிறம் காட்டிவந்த கொடி, இப்போது ஆறாம் நாளும் நீலமாகவே இருந்தது. பேரமைச்சர் தாண்டவராயர், கொடிக்குச் சாயம் தோய்க்கும் மாடத்தியைச் சபைக்கு வரவழைத்தார்.

"பெண்ணே, நீலம் எதிர்க்கட்சியின் நிறம் என்பதை நீ அறிவாயா?"

"கட்சியெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. உள்ள இருக்கற உலோகம் ஒண்ணுதான். தண்ணி ஆறு பக்கமும் புடிச்சுக்கிட்டு நின்னா ரோஜா. தண்ணி விலகி, உப்புல இருக்கற குளோரைடு வந்து ஒட்டிக்கிட்டா நீலம். யாரு சுத்தி நிக்கறாங்களோ, அவங்க குடுக்கற நிறந்தான்."

அரசர் தம்மைச் சுற்றி நின்ற அமைச்சர்களை ஒருமுறை பார்த்தார். அவர்கள் இருமினார்கள்.

அன்றே ஆணை பிறந்தது: வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர், நாள்தோறும், கொடிக்கு.

மறுநாள் கொடி ரோஜா நிறமானது. வறட்சி நீங்கியதாக முரசறைந்தார்கள். வறட்சி நீங்கிவிட்டதால் தண்ணீர் வண்டிகள் நிறுத்தப்பட்டன. மழைக்காலம் ஆகிவிட்டதால் குடையின்றி வெளியே வந்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

மாடத்தியின் மகளுக்குக் காய்ச்சல். வீட்டில் இருந்தது ஒரே குடம். காவலர்கள் வந்தபோது மாடத்தி வாசலை மறித்து நின்றாள்.

"புள்ளைக்கு நாக்கு ஒட்டிக் கெடக்கு. இந்தத் தண்ணி கொடிக்கு இல்ல."

"மழையைத் தடுத்த குற்றத்துக்காக உன்னைக் கைது செய்கிறோம்" என்றார் காவல் தலைவர்.

மகள் குடித்து முடிக்கும்வரை மாடத்தி அசையவில்லை. பிறகு பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுத் தானே கைகளை நீட்டினாள்.

பத்தே நாளில் கொடி வெளுத்துப்போனது. ஊற்றிய தண்ணீரோடு உப்பெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. மறுபடி தோய்க்கத் தெரிந்தவள் சிறையில் இருந்தாள். "வெண்மை என்பது ரோஜா நிறத்தின் முதிர்ந்த நிலையே" என்று பேரமைச்சர் அறிக்கை விட்டார்.

வெள்ளைக் கொடியைப் பார்த்து அண்டை நாட்டு அரசர் பரிவாரத்தோடு வந்துவிட்டார். மேகவர்ண அரசர் ஏரிக்கரைக்கு ஓடிப்போய் வாளை நீட்டினார்.

"சரணடைகிறேன்."

"அதைச் சொல்லத்தான் நானும் வந்தேன்" என்றார் அண்டை அரசர். "எங்கள் கொடி போன வாரமே வெளுத்துவிட்டது."

யார் யாரிடம் சரணடைவது என்று கரையில் பந்தல் போட்டுப் பேச்சுவார்த்தை தொடங்கியது. காவலர்கள் அத்தனை பேரும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். ஏரியைப் பார்த்திருந்த சிறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடத்தி கத்தினாள்:

"மதகுப் பக்கம் ஒரு காவலும் இல்லய்யா! போயித் தெறங்க!"

யாரும் திரும்பவில்லை. தங்கள் அரசரே அழகாகச் சரணடைகிறார் என்று கரையில் கூடியிருந்த இரு நாட்டு மக்களும் போட்டி போட்டுக் கோஷமிட்டுக்கொண்டிருந்தார்கள்.