லூபெக்குக்குக் கட்டின சப்பாத்து

இந்த முறை ஜேர்மனிக்குப் போனால் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் படியும் ஏறுறேல்லை எண்டு முடிவெடுத்தன். முடிவெடுக்கிறது வேறை, அதை மனுசி தங்கராணிக்குச் சொல்லுறது வேறை. சொல்லேல்லை.

நான் டென்மார்க்கில, வைலேயில ஒரு சாமான் கிட்டங்கியில ஃபோர்க்லிஃப்ட் ஓடுறவன். ஜேர்மனியில லூபெக் எண்ட பழைய துறைமுகப் பட்டினத்தை ரீவியில பாத்த நாளிலயிருந்து அதே நினைப்பு. ஆத்தங்கரையில அந்தக் காலத்து உப்புக் கிட்டங்கிகள் இன்னும் விழாமல் நிக்குதுகள். எங்கட கிட்டங்கியின்ர கூரை இப்பவே ஒழுகுது. அந்தக் கரையில தங்கராணியும் நானும் மட்டும் ஒருக்கா நடக்கோணும். கலியாணம் கட்டினதுக்குப் பிறகு நாங்கள் தனிய ஒரு ஊரும் பாத்ததில்லை. பாரிசில பாத்தது சித்தப்பா வீட்டுக் குசினி. லண்டனில பாத்தது மச்சாளின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ.

ஊர் பாக்கக் கூப்பிட்டா இவள் வரமாட்டாள் எண்டு எனக்கு நிச்சயம். அதால ஹம்பேர்க்கில இருக்கிற அவளின்ர தமக்கை சுசீலாதேவி வீட்டுக்குப் போவம் எண்டு பொய் சொன்னன். உடனை ஓமெண்டாள். பாதியில வழி மாறினமாதிரி லூபெக்குக்கு விடுறதுதான் என்ர திட்டம்.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டம். எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்தில ஜிபிஎஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு ஹம்பேர்க் றோட்டை விட்டுப் பிரிஞ்சன். தங்கராணி ஒண்டும் கேக்கேல்லை. வடையொண்டை என்ர வாயில வைச்சுவிட்டாள். எனக்கு அப்பவே பயம் வந்திருக்கோணும்.

லூபெக்கின்ர ரெட்டைக் கோபுர வாசலடியில இறங்கினன். ஆத்தில வெயில். பக்கத்தில செங்கல் கிட்டங்கிகள் வரிசையா.

"வழி மாறிப்போச்சுப் போல," எண்டன். நல்லாத்தான் நடிச்சன்.

"பறவாயில்லை. வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போக அவை வந்திருக்கினம்."

திரும்பிப் பாத்தா, சுசீலா அக்காவும் புருசன் ஆனந்தராஜா அத்தானும் கையைக் காட்டிக்கொண்டு வருகினம்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கட காலைப் பாருங்கோ. சொந்தக்காரர் வீடெண்டா வாசலில கழட்டச் சுகமா அந்தப் பழைய செருப்பைத்தானே கொழுவுவியள். இண்டைக்குக் கயிறு கட்டின சப்பாத்து. மாசக்கணக்கா ஃபோனில பாக்கிறது லூபெக் படம். வேறை எங்கை வழி மாறப்போறியள்? வெளிக்கிட முந்தியே இந்த வாசலடிக்கு வரச்சொல்லி அக்காவுக்கு ஃபோன் அடிச்சிட்டன்."

நான் தலையைக் குனிஞ்சன். அவள் குரலைத் தணிச்சாள்.

"ரெண்டு பேரும் மட்டும் போவமோ எண்டு ஒருக்காக் கேட்டிருந்தா வந்திருப்பன். இந்த மனுசன் எப்ப கேக்கும் எண்டு எத்தினை வருஷமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் அக்கா வீடெண்டியள். அவ விடிய எழும்பிக் கணவாய்க்கறி வைச்சிட்டா."

கேட்டிருக்கலாம். வாய்விட்டுக் கேக்கத் தெரியாமல்போச்சு.

அத்தான் ஒரு செல்ஃபி எடுத்தார். அதில வாசலை மறைச்சுக்கொண்டு அவரே நிக்கிறார். கறி ஆறப்போகுது எண்டு அக்கா எல்லாரையும் காருக்குக் கலைச்சா. உப்புக் கிட்டங்கிகளைக் கார்க் கண்ணாடிக்குள்ளாலதான் பாத்தன்.

ஹம்பேர்க்கில, வாசலில செருப்பை உதறிப்போட்டு எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டினம். நான் மட்டும் குனிஞ்சு நிண்டன். லூபெக் முழுக்க நடக்கிறதுக்கெண்டு விடிய இறுக்கிப் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க எடுத்த நேரம்கூட நான் லூபெக்கில நிக்கேல்லை.