பானை உடைக்கத் தெரியாத கீரி

ஒரு காட்டில் ஒரு கரடி முதலாளி தேன் கிடங்கு நடத்திவந்தார். நடத்தினார் என்றால், நாற்காலியில் சாய்ந்துகொண்டு தேனை நக்கினார் என்று அர்த்தம். உண்மையில் கிடங்கை நடத்தியது குஞ்சம்மாள் என்கிற கீரி. காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பானை அடுக்கின் அடியில் சொருகியிருக்கும் கட்டையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி இறுக்குவாள். அது தளர்ந்தால் போச்சு, அடுக்கு மொத்தமும் மேட்டிலிருந்து உருண்டு ஆற்றில்தான் போய் நிற்கும். அப்புறம் மூடிகளைச் சரிபார்ப்பாள், எறும்புகளை விரட்டுவாள், தேனீக்களோடு மல்லுக்கட்டுவாள். அவள் கையில் ஒரு சொட்டு வீணானதில்லை.

ஒருநாள் கரடி, வயசாகிவிட்டது, மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன் என்றார். குஞ்சம்மாள் மீசையை நீவிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேனேஜர் நாற்காலி எனக்குத்தானே, முதலாளி?"

"உனக்கில்லாம யாருக்கும்மா? ஆனா அதுக்குப் பட்டம் வேணுமே. நம்ம கோதண்டம்கூடப் படிக்கிறானாம்."

கோதண்டம் யாரென்றால், அதே கிடங்கில் பானை தூக்கும் குரங்கு. அவன் தூக்கிய பானைகளைவிடப் போட்ட பானைகள்தான் அதிகம். அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "குஞ்சம்மா, ஒரு டீ" என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். வால் புசுபுசுவென்று எழுந்துவிட்டது. அன்றைக்கே போய்ப் பகுதிநேர வணிக மேலாண்மைப் பட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

சனி, ஞாயிறு வகுப்பு. வற்றிப்போன குளத்தில் கொக்குப் பேராசிரியர் ஒற்றைக்காலில் நின்று பாடம் எடுப்பார். கிடங்கிலிருந்து ஓடிவந்து படித்து, படித்துவிட்டுக் கிடங்குக்கு ஓடி, குஞ்சம்மாளுக்கு நாக்குத் தள்ளிப் போனது. ஆனாலும் கட்டுரை, தேர்வு எல்லாவற்றிலும் அவள்தான் முதல். அதற்கெல்லாம் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி 'மீள்பார்வை'க்கு. அதாவது, வேலையிடத்தில் ஒரு தவறு செய்திருக்க வேண்டும். அதனால் மனசு என்ன பாடுபட்டது, என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுத வேண்டும். யாரும் கதைவிடக் கூடாது பாருங்கள், அதனால் முதலாளியின் கைநாட்டும் வேண்டும்.

குஞ்சம்மாள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: "இந்த வாரம் தவறு எதுவும் நடக்கவில்லை."

கொக்கு பூஜ்யம் போட்டார். "உள்முகப் பார்வையே இல்லையேம்மா!" என்று வருத்தப்பட்டார்.

பக்கத்தில் கோதண்டம் தன்னுடையதை வாசித்தான். "அன்று உடைந்தது பானை அல்ல. என் ஆணவம்." கொக்கு இறக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார். குஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆணவத்தைக் கூட்டி அள்ளிக் கொட்டியதே அவள்தானே!

சரி, ஒரு பானையை உடைத்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தாள். இருப்பதிலேயே சின்னப் பானையாகப் பார்த்து எடுத்தாள், கண்ணை மூடினாள், கையை விட்டாள். பாம்பையே பாய்ந்து பிடிக்கிற வம்சமாயிற்றே, பானை தரைக்கு வருமுன் கை போய்ப் பிடித்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளினாள். வால் பிடித்தது. வேறு வழியில்லாமல் மானத்தை விட்டுக் கோதண்டத்திடம் போனாள்.

"அண்ணே, பானையை எப்படிண்ணே போட்டு உடைக்கிறது?"

"உடைக்கணும்னு நெனச்சா உடையாது, குஞ்சம்மா. வேலை நேரத்துல யோசிக்கவே கூடாது. அப்பத்தான் பின்னாடி உக்காந்து யோசிக்க விஷயம் கெடைக்கும்."

அவளுக்குத் தலை சுற்றியது. கடைசி மீள்பார்வைக்கு மறுநாள்தான் கெடு. திருவிழாவுக்காக அடுக்கு முழுக்கத் தேன் நிறைந்திருந்தது. குஞ்சம்மாள் எதையும் முறையாகச் செய்கிறவள் அல்லவா? தவறு செய்துவிட்டு அவசர அவசரமாக எழுதுவானேன், முதலில் நன்றாக எழுதிவிடுவோம், சாயங்காலம் பொறுமையாக ஒரு பானையை உடைத்துக்கொள்வோம் என்று திட்டம் போட்டாள். மறுநாள் காலை கிடங்குக்கு வந்ததும் வராததுமாக வாசலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"அந்தச் சின்னஞ்சிறு பானை என் கையிலிருந்து நழுவியபோது..."

எழுத எழுத அவளுக்கே அழுகை வந்தது. உடையாத பானைக்காக விக்கி விக்கி அழுதாள். அந்த அழுகையில் ஒன்றை மறந்துவிட்டாள். கட்டையைத் தட்டவில்லை.

பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுக்கு சாய்ந்து, பானைகள் ஒன்றையொன்று முட்டி உடைந்துகொண்டே மேட்டிலிருந்து உருண்டன, தேன் வெள்ளமாகப் பாய்ந்தது. வழியில் தூங்கிக்கொண்டிருந்த யானை மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் புறப்பட்ட நான்கு காட்டுப்பன்றிகள் தேனில் ஒட்டிக்கொண்டு ஒரே பன்றியாகக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பாயும் தேனைத் தடுக்க ஓடிய கரடி, தேன் அப்பி ஆள் தெரியாமல் ஆற்றங்கரையில் கிடந்தார்.

"ஐயோ முதலாளி! எல்லாம் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு குஞ்சம்மாள் ஓடிவந்தாள். கையில் அந்தத் தாள் விடாமல் இருந்தது. கரடி புலம்பிக்கொண்டே கையூன்றி எழப் பார்த்தார். கை போய்த் தாளில் பதிந்தது. கைநாட்டு என்றால் அப்படி ஒரு கைநாட்டு, தாளை உரிக்கவே முடியவில்லை. அவரோடு சேர்த்துத்தான் கொண்டுபோய்க் கொக்கிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

கொக்கு ஒருதரம் தாளைப் பார்த்தார், ஒருதரம் கரடியைப் பார்த்தார். உணர்ச்சிவசப்பட்டு இரண்டாவது காலையும் தரையில் ஊன்றிவிட்டார். முழு மதிப்பெண், தங்கப் பதக்கம்!

பட்டத்தோடு குஞ்சம்மாள் காலியான கிடங்குக்கு வந்தாள். கரடி அந்த நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"கிடங்குல ஒரு பானைகூட இல்லையே முதலாளி. இப்ப எதுக்கு மேனேஜர்?" என்று கேட்டாள்.

"அடப் போம்மா, இத்தனை நாள் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, மேனேஜருக்கு என்ன வேலை இருந்துச்சு? இப்பத்தான் தேவையே!" என்றார் கரடி.

குஞ்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கை தானாகக் கீழே போய்க் கட்டையைத் தேடியது. கட்டை இல்லை. கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, "கோதண்டம் அண்ணே, ஒரு டீ" என்றாள்.

நீதி: ஒழுங்காக வேலை பார்த்தால் வேலை நிலைக்கும். நாற்காலி வேண்டுமென்றால் கிடங்கையே கவிழ்க்க வேண்டும். ஆனால் கட்டுரையை முதலில் எழுதி வைத்துக்கொள்ளவும்.