நன்றி கேட்டு வாங்கிய வெர்லன்

பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு அடியோடு இல்லை என்பதை வெர்லன் ஹாஸ்கின்ஸ் கண்டுபிடித்தது அமெரிக்கர்கள் வான்கோழி விருந்தோடு கொண்டாடும் நன்றித் திருநாளுக்கு முந்தின வாரம். புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தால், மணி சின்னதாக இருக்கிறதே என்கிறான் மகன் கார்ல். மகள் நெல் அதுகூடச் சொல்வதில்லை. ஓஹாயோ மாநிலத்திலேயே நன்றியில் சிறந்த வீடாகத் தன் வீட்டை ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

சட்டத்தையும் அவரே போட்டார். வான்கோழியை அறுக்குமுன் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது. நன்றி பெறுபவர் அன்று செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை தட்டைத் தொடக் கூடாது. விருந்துக்கு வரும் மாமியார் காதுபட, பிள்ளைகள் வாயால் தன் பெருமை வெளிவரும் என்பது அவருடைய உள்கணக்கு. மனைவி அர்டித் மறுக்கவில்லை. குடும்பத் தலைவர் கடைசியில் பேசுவதுதான் மரியாதை என்று மட்டும் சொன்னாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

திருநாளன்று காலையிலிருந்து சோபாவில் கால்பந்தாட்டம் பார்த்துவிட்டு, பசியோடு வந்து உட்கார்ந்தார். விடியுமுன் எழுந்து வான்கோழியை அடுப்பில் வைத்த அம்மாவுக்கு நெல் நன்றி சொன்னாள். சட்டை தேய்த்துக் கொடுத்த அக்காவுக்கு கார்ல் சொன்னான். கிழங்குத் தோல் சீவிய பேரனுக்கு மாமியார் சொன்னார். சாஸ் கிளறிய தன் அம்மாவுக்கு அர்டித் சொன்னாள். வெர்லன் பெயர் எங்கேயும் வரவில்லை. அவர் முறை வந்தது.

"பூசணிக்காய் இனிப்பு பார்க்கவே பிரமாதம், அர்டித். நன்றி."

"அது எங்கம்மா செஞ்சதுங்க."

"சரி, இந்த மேசை விரிப்பு..."

"நான்தான் விரிச்சேன்," என்றாள் நெல்.

"ஹாலைப் பெருக்கினதுக்காவது..."

"நான்தாம்ப்பா பெருக்கினேன். நீங்ககூட சோபால இருந்து காலைத் தூக்கிக் குடுத்தீங்களே," என்றான் கார்ல். "நான் சொன்னப்புறம் சொன்னா செல்லாது."

வெர்லனுக்குக் காது சிவந்தது. அத்தனை பேரும் காலையிலிருந்து அவர் கண்முன்னால்தான் நடமாடினார்கள். டிவியை மறைக்காதீர்கள் என்று விரட்டியது மட்டும்தான் நினைவில் இருந்தது. மாமியார் நாகரிகமாகத் தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

வான்கோழியை அறுக்க அர்டித் கத்தியை எடுத்துக்கொண்டாள். "நிதானமா யோசிங்க. நாங்க சாப்பிடுறோம். சமையலறையில பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. கழுவக் கழுவ, எதுல யார் என்ன சமைச்சாங்கன்னு தானா விளங்கும்."

அவர் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றபோது, கார்ல் வாய் நிறைய வான்கோழியோடு எட்டிப் பார்த்தான்.

"பாத்திரம் கழுவினதுக்கு நன்றிப்பா. பாட்டியும் சொல்லச் சொன்னாங்க."