மலைப் பக்கம் சாயச் சொன்னவன்

தனக்குத் தெரியாத விளையாட்டுக்கும் திருத்தம் சொல்லும் தைரியம் பெற்றோருக்கு மட்டுமே உண்டு. பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியே அறியாத நான், என் மகள் சறுக்கித் திரும்பும் முறையைத் திருத்தினேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் இருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் இருந்த கவிதாவுக்குப் பள்ளியின் பனிச்சறுக்கு அணியில் சேர்ந்தே ஆக வேண்டும், சனிக்கிழமை தேர்வு. அவள் பயிற்சியை வீடியோ எடுத்து வந்து, டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். (கோவையில் மெக்கானிக்கல் படித்தவன், சும்மா விடுவேனா?)

உறைந்த பனி சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடக்கிறது. இவளோ ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்துப் பக்கம் சாய்கிறாள்!

"யாராவது பள்ளத்தப் பாத்துச் சாய்வாங்களா? மலைப் பக்கம் சாயணும்மா. விழுந்தாலும் அடிபடாது."

"அப்பா, கோச் டோல்ட் மீ டு!"

பள்ளத்தை ஒட்டிய வெளிப்பக்கக் காலில் எடை போட்டால்தான் பலகையின் விளிம்பு பனியைக் கடிக்குமாம்.

"முழங்கால் உன்னோடதா, கோச்சோடதா?"

சமையலறையில் நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்தேன். ஃப்ரிட்ஜ்தான் மலை. அதை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாள்.

"ஏங்க, எஸ்கலேட்டர்ல கால் வைக்கவே உங்களுக்கு நடுங்கும். அவள விடுங்க" என்றாள் மனைவி.

பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்காத பெண், அன்று பார்த்துக் கேட்டுத் தொலைத்தாள்.

சனிக்கிழமை, முதல் திருப்பம். மலைப் பக்கம் அழகாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான், பலகைகள் காலடியிலிருந்து வழுக்கி ஓடின. ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே சரிவு முழுவதையும் கடந்து, இரண்டு கொடிக்கம்புகளைச் சாய்த்து, கீழே கேமராவுடன் நின்ற என் காலையும் வாரிவிட்டுத்தான் நின்றாள்.

பயிற்சியாளர் அம்மாள் ஓடி வந்தார். "ஹூ டோல்ட் யூ டு லீன் இன்?"

கவிதா மல்லாந்தபடியே கைக்கம்பை உயர்த்தி என்னைக் காட்டினாள்.

இன்னொரு வாய்ப்புத் தர அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: அப்பா காரில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது (அப்படி ஒரு வண்டி வரவே இல்லை என்றார்கள்). கவிதா பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, அணியில் சேர்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் என் ஆலோசனைக்குத் தனி மரியாதை. எதற்கும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள்; கேட்டுவிட்டு நேரெதிராகச் செய்வார்கள். நான் வேண்டாம் என்ற வேலையில் சேர்ந்துதான் கவிதா நன்றாக இருக்கிறாள். போன மாதம் ஒரு பையனை அழைத்து வந்து நிறுத்தி, "அப்பா, வாட் டு யூ திங்க்?" என்றாள்.

எனக்குப் பையனை ரொம்பவே பிடித்துவிட்டது. நன்றாக யோசித்து, "சரிப்படாதும்மா" என்றேன்.

தை மாதம் கல்யாணம்.